ஒன்றை எடுத்துவிட்டுப் பார்ப்போம்



இக்கருத்தரங்குக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். ஒரே வாழிடத்தில் இரண்டு இனங்களைக் கண்டதுமே, அவை வளங்களைப் பங்கிட்டுக்கொண்டன என்று பலர் முடித்துவிடுகிறார்கள். பாகப்பிரிவினை நடந்ததற்குப் பத்திரம் எங்கே?

உயிரியலாளர் காஸ் 1934இல் விவரித்த பரமீசியச் சோதனை எல்லோருக்கும் பாடம். ஒரே குழாயில், ஒரே உணவுக்குப் போட்டியிட்ட இரண்டு இனங்களில் ஒன்று அழிந்தது. கண்ணாடிக் குழாய்க்கு வெளியே என்ன நடக்கிறது என்பதற்கு நான் ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவுப் பாறைகளைத்தான் காட்டுவேன்.

அங்கே இருவகைக் கொட்டலசுகள் உண்டு. மேல்மட்டத்தில் சிறிய தமலஸ், கீழே பெரிய பலானஸ். தமலஸின் குஞ்சுகள் கீழேயும் வந்து ஒட்டுகின்றன. வளர்ந்தவற்றைத்தான் அங்கே காண்பது அரிது. கீழ்மட்டம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். சூழலியலாளர் ஜோசப் கானல் போகவில்லை. பாறைமேல் கண்ணாடித் தகட்டை வைத்து, ஒவ்வொரு தமலஸும் இருந்த இடத்தை மையால் குறித்தார். ஒரு பகுதியில், அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்த பலானஸை நீக்கினார். மறுபகுதியை அப்படியே விட்டார். நீக்கிய பக்கத்தில் தமலஸ் கீழேயும் பிழைத்தது. விட்ட பக்கத்தில் பலானஸ் அதன்மேல் படர்ந்து மூடியது, ஓட்டுக்கு அடியில் புகுந்து நெம்பியது, பக்கத்திலிருந்து நெருக்கி நசுக்கியது. மேல்மட்டத்துக்கு மட்டும் பலானஸால் வர முடியவில்லை. நீர் இறங்கிய நேரத்தில் உலர்ந்து செத்தது. வலியதன் பெருந்தன்மையால் எளியது வாழவில்லை. 1961இல் வெளியான அந்தக் கட்டுரையை இங்குள்ள இளையோர் மூலத்திலேயே படிக்க வேண்டும்.

வலியதைத் தடுப்பது வேட்டையாடியாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் மக்கா விரிகுடாவில் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன், மட்டிகளைத் தின்னும் நட்சத்திர மீன்களைப் பாறையிலிருந்து விடாமல் அகற்றிவந்தார். 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. மட்டிகள் இடத்தை வளைத்துக்கொண்டன.

புலியை அகற்றிவிட்டுச் சிறுத்தை என்ன செய்கிறது என்று பார்க்க எந்த வனத்துறையும் அனுமதி தராது, தரவும் கூடாது. அப்படி அகற்றிப் பார்க்க முடியாத இடங்களில் நெடுங்காலக் கணக்கெடுப்புதான் கைகொடுக்கும். முதுமலையில் 1988இல் அமைத்த 50 ஹெக்டேர் ஆய்வுநிலத்தில் மரங்களைத் தனித்தனியே அடையாளமிட்டு, எது செத்தது என்று தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். தீயும் வறட்சியும் யானையும் அகற்றுகின்றன, நாம் குறித்துக்கொள்கிறோம். ஆனால் இது கானலின் சோதனைக்கு ஈடாகாது. நாம் கேட்கும் ஓர் இனத்தை மட்டும் தீ பொறுக்கி எடுப்பதில்லை.

கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சேர்ந்து வாழ்கின்றன என்று சொல்லுமுன், எது எதைத் தடுக்கிறது, அதை எப்படிக் கண்டீர்கள் என்று சொல்லுங்கள். காணவில்லையென்றால் பரவல் பற்றிய ஆய்வு என்றே தலைப்பிடுங்கள். அதுவும் மதிப்புள்ள வேலைதான். முதல் அமர்வுக்கு நேரமாகிவிட்டது. கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.