ஆபீசர் வரும் நாள்

 

நாள் முழுக்க உழைத்துவிட்டு, களைப்போடு நம் மையத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுருக்கமாகப் பேசுகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். பெரிய படிப்பு இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் அப்பா பெங்களூர் பீன்யாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். பவர் பிரஸ் ஓட்டினார். தகட்டை மெஷினில் வைக்க வேண்டும். காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலேயிருந்து டை இறங்கித் தகட்டை வெட்டும். கை உள்ளே போகாமல் இருக்க ஒரு கார்டு உண்டு. கார்டு என்றால் காப்பு. அதை மாட்டினால் வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும். அதனால் அதைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள்.

ஒருநாள் மாலை அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

அப்பா அடிக்கடி ஒன்று சொல்வார். "ஆபீசர் வருகிறார் என்று தெரிந்தால் அன்றைக்குக் கார்டை மாட்டுவார்கள். அவர் போனதும் கழற்றிவிடுவார்கள். என் விரல் போன அன்று ஆபீசர் வரவில்லை."

இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். பிறகு ஒருநாள் வேறு மாதிரி யோசித்தேன். ஆபீசர் வரும் நாளில் என்னென்ன மாறுகிறது? அதைக் கவனித்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்குமே!

நீங்களே சொல்லுங்கள். உங்கள் கம்பெனியில் அன்று என்ன நடக்கும்? பின்வாசல் பூட்டு திறக்கும். வழியில் கிடக்கும் துணி மூட்டைகள் நகரும். முதலுதவிப் பெட்டியில் மருந்து வரும். கட்டிங் மெஷினில் நிற்பவருக்கு எஃகுக் கையுறை வரும். கக்கூஸ் கழுவப்படும். குடிதண்ணீர் டிரம் நிறையும்.

இதன் பொருள் என்ன? எது ஆபத்து, எது சட்டம் என்பது முதலாளிக்கு நன்றாகத் தெரியும். எதை முதலில் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். அன்று எதைச் சரிசெய்கிறார்களோ, அதுதான் நமக்குத் தேவையான பட்டியல்.

ஆய்வாளர்கள் குறைவு. தொழிற்சாலைகள் ஏராளம். எல்லா இடத்துக்கும் எல்லா நாளும் அவர்கள் வர முடியாது. அதனால் எதை முதலில் பார்ப்பது என்று வரிசை வைத்திருப்பார்கள். விபத்து நடந்த இடம், புகார் வந்த இடம், ஆபத்தான ரசாயனம் உள்ள இடம், கொதிகலன் உள்ள இடம் ஆகியவை அந்த வரிசையில் முன்னே நிற்கும். உள்ளே வந்த பிறகும் அப்படித்தான். உயிரைப் பறிப்பது எதுவோ அதை முதலில் பார்க்க வேண்டும்.

இந்த வரிசை சும்மா வந்ததில்லை. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில்களுக்குத் தனி விதிகள் வந்தன. தொழிலாளரும் சேர்ந்த பாதுகாப்புக் குழு வந்தது.

2019 டிசம்பர் 8ஆம் தேதி டெல்லி அனாஜ் மண்டியில் ஒரு கட்டடம் தீப்பிடித்தது. விடியும் முன்பு, தொழிலாளர்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். 43 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள். வெளியே போகும் வழி எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் இப்போது எப்படி இருக்கிறது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தையும் வேறு 12 சட்டங்களையும் சேர்த்து, 2020இல் பாராளுமன்றம் ஒரே சட்டத் தொகுப்பாக ஆக்கியது. அது 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்தது. ஆய்வாளருக்கு இப்போது இன்னொரு வேலையும் உண்டு. குறை கண்டுபிடிப்பதோடு, எப்படிச் சரிசெய்வது என்று வழியும் காட்ட வேண்டும்.

அந்தச் சட்டம் நமக்கு என்ன உரிமை தருகிறது? மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒன்று: நம் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய விவரத்தை முதலாளியிடம் கேட்கலாம். "இந்த டப்பாவில் உள்ளது என்ன மருந்து? இது கையில் பட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பது தவறில்லை.

இரண்டு: உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து உடனே வரும் என்று தோன்றினால், முதலாளியிடம் சொல்லலாம். அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம்.

மூன்று: பாதுகாப்புக் குழு அமைக்கும் இடத்தில், தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை முதலாளி தரப்பைவிடக் குறையக் கூடாது.

"புகார் கொடுத்தால் வேலை போய்விடுமே?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். வயிற்றுப் பிழைப்பாயிற்றே! ஒரு செய்தி சொல்கிறேன். உலகத் தொழிலாளர் அமைப்பின் 81ஆவது உடன்படிக்கையை இந்தியா 1949இல் ஏற்றது. புகார் சொன்னவர் யார் என்பதை ஆய்வாளர் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அது கூறுகிறது. ஆனாலும் தனியாகப் போகாதீர்கள். சேர்ந்து போங்கள்.

நம் மையத்து அக்கா ஒருவர் கதையைக் கேளுங்கள். அவர் ஒரு கார்மெண்ட்ஸில் தைக்கிறார். இரண்டு வருஷம் முன்பு அவருக்குப் பெயர் எழுதவும் தெரியாது. போன வருஷம் ஆபீசர் வந்த நாளில், என்ன மாறியது என்று நோட்டில் எழுதினார். ஆறு வரிதான். எழுத்துப் பிழை இருந்தது. பரவாயில்லை. மறுநாள் வேலைக்குப் போனதும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறில் நான்கு பழையபடி ஆகிவிட்டது. பின்வாசலில் மறுபடி பூட்டு.

அவர் நான்கையும் வரிசைப்படுத்தினார். முதலில் பூட்டு. பிறகு வழியில் கிடந்த மூட்டை. பிறகு மெஷின் பெல்ட்டின் கார்டு. கடைசியில் துணித் தூசிக்கு முகக்கவசம். தேதி போட்டு, பதினொரு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதில் மூன்று பேர் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள். அன்று கையெழுத்தே போட்டார்கள்!

சூப்பர்வைசர் முதலில் திட்டினார். மானேஜர் காகிதத்தை வாங்கி வைத்தார். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. "ஆய்வாளருக்கும் ஒரு நகல் அனுப்பலாமா சார்?" என்று அக்கா மரியாதையாகக் கேட்டார். மறுநாளே பூட்டு போய்விட்டது. மூட்டைக்குத் தனி இடம் வந்தது. பெல்ட்டுக்குக் கார்டு வந்தது. முகக்கவசம் இன்னும் வரவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சிலர் மிகச் சிறிய பட்டறையில் வேலை செய்கிறீர்கள். புதிய சட்டப்படி, மின்சாரம் உள்ள இடத்தில் 20 பேர், இல்லாத இடத்தில் 40 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. என் அப்பாவின் பட்டறையில் எட்டுப் பேர்தான். அங்கே ஆபீசர் எப்போதோ ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பார். ஆனால் பட்டியல் எழுத ஆபீசர் எதற்கு? டை இறங்கினால் எட்டுப் பேர் பட்டறையிலும் விரல் போகும். கார்டு மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். பக்கத்து மெஷினில் இல்லையென்றால் அவரிடமும் சொல்லுங்கள்.

முடிக்கும் முன் ஒரு வீட்டுப்பாடம். இன்று இரவு நோட்டை எடுங்கள். மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

நான் வேலை செய்யும் இடத்தில் உயிருக்கு ஆபத்து எது?
தீப்பிடித்தால் நான் எந்த வழியாக வெளியே போவேன்?
ஆபீசர் நாளை வந்தால் முதலாளி எதை முதலில் சரிசெய்வார்?

மூன்றாவது பதிலின் கீழே ஒரு கோடு போடுங்கள். நாளைக்கு அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

என் அப்பா இப்போது இடது கையால் எழுதப் பழகுகிறார். அவர் எழுதிய முதல் வார்த்தை "காப்பு".