பச்சையா, சிவப்பா?

வினாயகபுரத்திலிருந்து கொழும்புக்கு இரவிரவாக ஓடும் டீசல் வேனுக்கு எந்தக் கூலன்ட் நல்லது? பச்சையா, சிவப்பா என்று பார்க்காதீர்கள். நிறம் வெறும் சாயம்; கம்பனிக்குக் கம்பனி மாறும். வாகனத்தின் கைநூல் சொல்லும் வகையைப் பாருங்கள். “இங்கே பனியா உறைகிறது? கிணற்றுத் தண்ணீர் போதாதா?” என்று கேட்கலாம். போதாது. கூலன்ட் உறைவதை மட்டுமா தடுக்கிறது? துருவையும் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. கரையோரக் கிணற்றுநீரில் உப்பு இருக்கும். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டருக்குள்ளும் படியும், சூடு வெளியேறாது.

நீண்டகாலக் கூலன்ட் விலை கூடத்தான். ஆனால் சாதாரணமானது இரண்டு, மூன்று வருடம் என்றால், இது ஐந்து வருடமளவு தாங்கும். பழையதோடு கலந்தால் அந்த ஆயுள் போய்விடும். ஆகவே கலக்காதீர்கள், முழுவதும் கழுவிவிட்டு நிரப்புங்கள். ரேடியேட்டர் மூடியை, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே திறவுங்கள்.