இரத்த அழுத்தமும் நினைவாற்றலும்: மறதி வருமுன் செய்ய வேண்டியவை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு ஒப்புதல் பெற்ற பிறகு, உடல்நலம் குறித்துப் பேச நமக்குச் சிறிது நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. நாமும் ஒரு கணக்கிலிருந்தே தொடங்குகிறோம்.

ஒரு மஹல்லாவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கு எழுதிவந்த பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். எந்த வீட்டில் எத்தனை மாதச் சந்தா பாக்கி என்பதைப் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லக்கூடியவர். அறுபத்தெட்டாம் வயதில் அவருடைய கூட்டல்கள் பிசகத் தொடங்கின. ஒரே ரசீதை இருமுறை பதிந்தார். வாங்கிய சந்தாவை எழுத மறந்தார். சிலர் முகத்துக்கு நேரே கேட்டனர்; பலர் முதுகுக்குப் பின்னே முணுமுணுத்தனர். இறுதியில் புத்தகங்கள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டன. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. குறைந்திருந்தது அவருடைய கணக்கிடும் ஆற்றல் மட்டுமே. மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பல ஆண்டுகளாகச் சேதமடைந்து வந்திருப்பது தெரிந்தது. ஐம்பதாம் வயதிலேயே அவருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதாகச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். "தலைச்சுற்றலும் இல்லை, மயக்கமும் இல்லை, பிறகு எதற்கு மாத்திரை?" என்று மூன்று மாதத்தில் அவரே நிறுத்திவிட்டார்.

நேர்மையாளர் ஒருவர் ஐயத்துக்கு ஆளான அந்த வேதனை வேறு எந்த வீட்டுக்கும் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இன்று இதனைப் பேசுகிறோம்.

அழுத்தம் மூளையை என்ன செய்கிறது?

இரத்தக் கொதிப்பு என்றவுடன் நாம் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் நினைக்கிறோம். மறதியை நினைப்பதில்லை. மூளையின் ஆழத்தில் முடியினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் உள்ளன. பல்லாண்டுகள் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும் அக்குழாய்களின் சுவர் தடித்து, உட்புறம் குறுகிவிடுகிறது. அவை இரத்தம் ஊட்டும் பகுதிகள் சிறிது சிறிதாகப் பட்டினி கிடக்கின்றன. மூளையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகள் செல்லும் பகுதிக்கு வெண்பொருள் என்று பெயர். முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் அதுவே. ஆகவேதான் இத்தகையோர் பெயர்களை மறக்கும் முன்பே, திட்டமிடுவதிலும் கணக்கிடுவதிலும் ஒரு வேலையை வரிசையாகச் செய்து முடிப்பதிலும் தடுமாறுகிறார்கள். வீட்டார் இதனை "வயதாகிவிட்டது" என்றோ "பிடிவாதம்" என்றோ எண்ணிக்கொள்கிறார்கள்.

இச்சேதம் முதுமையில் திடீரென்று தொடங்குவதன்று. ஹவாய்த் தீவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களை 1965ஆம் ஆண்டு முதல் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வந்தனர். அவர்களுடைய நடுத்தர வயது இரத்த அழுத்தக் குறிப்புகள் கையில் இருந்தன. கால் நூற்றாண்டுக்குப் பின், 1990களில், அவர்களுடைய நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் சோதிக்கப்பட்டன. 1995இல் வெளியான முடிவின்படி, நடுத்தர வயதில் மேல் அழுத்தம் ஒவ்வொரு 10 மில்லிமீட்டர் கூடும்போதும், முதுமையில் அறிவாற்றல் மிகவும் குன்றியிருக்கும் வாய்ப்பு 9 விழுக்காடு கூடியிருந்தது. அதாவது, எழுபது வயதில் நாம் எப்படி இருப்போம் என்பது ஓரளவு நாற்பத்தைந்து வயதிலேயே எழுதப்படுகிறது. இந்த மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் நடுத்தர வயதினருக்கே இவ்வுரை முதலில் உரியது.

அழுத்தத்தைக் குறைத்தால் பயன் உண்டா?

உண்டு என்பதற்கு இப்போது நல்ல சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 'ஸ்பிரின்ட்' என்ற பெயரில் 9,361 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அனைவரும் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். ஒரு பிரிவினருக்கு மேல் அழுத்தத்தை 140க்குக் கீழும், மற்றொரு பிரிவினருக்கு 120க்குக் கீழும் கொண்டுவர முயன்றனர். இதயத்துக்கும் உயிருக்கும் கிடைத்த நன்மை தெளிவாகத் தெரிந்தமையால் 2015இல் சிகிச்சைப் பகுதி முன்கூட்டியே முடிக்கப்பட்டது. நினைவாற்றல் பற்றிய முடிவு 2019இல் வெளிவந்தது. மறதி நோய்க்கு முந்தைய நிலையான இலேசான அறிவாற்றல் குறைவு, முதற் பிரிவில் ஆண்டுக்கு 1,000 பேரில் 18.3 பேருக்கும், அழுத்தம் அதிகமாகக் குறைக்கப்பட்ட பிரிவில் 14.6 பேருக்கும் ஏற்பட்டது. முழு மறதி நோயும் இரண்டாம் பிரிவில் குறைவாகவே காணப்பட்டது. ஆனால் அந்த வேறுபாடு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

இதனைக் கேட்டு எவரும் தாமாகவே மாத்திரையைக் கூட்டிக்கொள்ளக் கூடாது. அழுத்தம் மிகவும் குறைக்கப்பட்ட பிரிவில் மயக்கமும் சிறுநீரகத் தொல்லையும் சற்று அதிகமாக இருந்தன. நீரிழிவு உள்ளவர்களும் முன்பே பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. யாருக்கு எந்த அளவு ஏற்றது என்பதை அவரவர் மருத்துவரே சொல்ல வேண்டும்.

அடுத்த சான்று சீன நாட்டுக் கிராமங்களிலிருந்து வருகிறது. 326 கிராமங்களில், 40 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 34,000 இரத்தக் கொதிப்பு நோயாளிகள் இந்த ஆய்வில் இடம்பெற்றனர். பாதிக் கிராமங்களில் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. மறுபாதியில் கிராம மருத்துவப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, மேல்நிலை மருத்துவர்களின் வழிகாட்டுதலோடு, குறைந்த விலையிலோ இலவசமாகவோ மாத்திரை கொடுத்து, வீட்டிலேயே அழுத்தம் பார்க்கவும் கற்றுக் கொடுத்தார்கள். 2025இல் வெளியான முடிவின்படி, நான்கு ஆண்டுகளில் இக்கிராமங்களில் மறதி நோய் 15 விழுக்காடு குறைந்தது. பெரிய மருத்துவமனையோ விலையுயர்ந்த கருவியோ இதனைச் செய்யவில்லை. ஊர்க்காரர் ஒருவர் விடாமல் விசாரித்து வந்ததும், நோயாளி விடாமல் மாத்திரை உண்டதுமே செய்தன.

இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் தொலைபேசியில், "வாப்பா, மறதியை இரத்தத்திலேயே கண்டுபிடிக்கிறார்களாமே, எடுத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

மூளையில் நிகழும் மாற்றங்களின் சுவடுகள் சில இரத்தத்திலும் தென்படுகின்றன. அவற்றை உயிர்க்குறிப்பான்கள் என்பர். அமிலாய்டு, டௌ என்னும் புரதங்கள் அல்சைமர் என்ற மறதி நோயோடு தொடர்புடையவை. நியூரோஃபிலமென்ட் என்னும் புரதம் நரம்பிழைகள் சிதையும்போது இரத்தத்தில் கூடுகிறது. அல்சைமர் நோயைக் கண்டறிய உதவும் முதல் இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அனுமதி அளித்தது. மறதியின் அறிகுறிகள் ஏற்கெனவே தோன்றிய, 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கே அந்த அனுமதி. அதுவும் மருத்துவர் மற்றச் சோதனைகளோடு சேர்த்துப் பார்ப்பதற்காகத்தான். நலமாக இருப்பவர் தாமாகச் சென்று எடுத்துப் பார்ப்பதற்காக அன்று.

இதற்குக் காரணம் உண்டு. நியூரோஃபிலமென்ட்டின் அளவு வயதோடும் கூடும். சிறுநீரகம் தளர்ந்தாலும் கூடும். ஸ்பிரின்ட் ஆய்விலேயே இது தெரிந்தது. அழுத்தம் அதிகமாகக் குறைக்கப்பட்டவர்களின் இரத்தத்தில் இப்புரதம் சற்று உயர்ந்திருந்தது. அதை மட்டும் பார்த்தவர் மூளை கெடுகிறது என்றே அஞ்சியிருப்பார். ஆனால் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தில் ஏற்பட்ட மாற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்த உயர்வின் பெரும்பகுதிக்கு விளக்கம் கிடைத்தது. அதே மனிதர்களுக்கு அறிவாற்றல் குறைவு குறைவாகவே வந்தது என்பதை முன்பே கண்டோம். ஆகவே ஒரு தாளில் அச்சிட்ட எண்ணைக் கண்டு அஞ்சுவதும் தவறு. அதைக் கண்டு நிம்மதி அடைந்து மாத்திரையை நிறுத்துவதும் தவறு. அறிகுறி இல்லாத ஒருவருக்கு அந்தப் பரிசோதனையைவிடக் கையில் கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தக் கருவியே மிகுந்த பயன் தரும்.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, அளந்து பார்த்தல். முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் முன்பிருந்தே தேநீரும் புகையும் தவிர்த்து, ஐந்து நிமிடம் அமைதியாகச் சாய்ந்து அமர்ந்து, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்து, பேசாமல் இருந்து இரண்டு முறை அளக்க வேண்டும். மாடியேறி வந்த மூச்சோடு அளந்த எண்ணை நம்பக் கூடாது. வெவ்வேறு நாள்களில் பார்த்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரைக் காண வேண்டும்.

இரண்டாவது, மாத்திரையை நிறுத்தாதிருத்தல். அழுத்தம் சரியாக இருப்பது மாத்திரையினால்தான். அது சரியாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்துவது முறையன்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே வரிசையில் நிற்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. ரமளான் மாதத்தில் பலர் பகல் வேளை மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் சென்றால், ஸஹர் நேரத்துக்கோ இஃப்தார் நேரத்துக்கோ மாற்றித் தருவார். சிலருக்கு மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது, உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். நடைப்பயிற்சியும் புகையிலையை விடுதலும் இதனோடு சேர வேண்டியவை.

நான்காவது, ஜமாஅத் செய்ய வேண்டியது. நல்ல தரமான இரத்த அழுத்தக் கருவிகள் இரண்டு, ஒரு பதிவேடு, பயிற்சி பெற்ற இளைஞர் இருவர், பெண்கள் பகுதிக்குப் பெண் தொண்டர் இருவர் போதும். மாதம் ஒரு நாள் மதரஸாவின் ஓர் அறையில் அளந்து எழுதிவைத்து, உயர்ந்திருப்பவரை மருத்துவரிடம் அனுப்பி, மறுமாதம் "சென்றீர்களா?" என்று கேட்டால், அந்தச் சீனக் கிராமங்களில் நடந்ததில் ஒரு பகுதியை நம் மஹல்லாவிலும் நடத்திவிடலாம். வரும் ஆண்டின் திட்டத்தில் இதற்கு ஒரு சிறு தொகை ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெரியவர் இன்றும் ஜமாஅத் கூட்டங்களுக்கு வருகிறார். ஒரே கேள்வியை நான்கு முறை கேட்கிறார். நான்கு முறையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வது நம் கடமை. வீட்டிலும் தெருவிலும் கணக்கில் தடுமாறும் முதியவரைக் கண்டால், ஐயப்படும் முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் நம் கடமையே. அவருடைய மகனுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. சென்ற மாதம் அவருக்கும் அழுத்தம் கூடியிருப்பது தெரிந்தது, மாத்திரையைத் தொடங்கிவிட்டார். அதை விடாமல் உண்ணுமாறு அவரிடம் சொன்னதையே உங்கள் அனைவரிடமும் சொல்லி அமர்கிறோம்.