லேசரும் கருவிணைவும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சூரியனில் நிகழும் கருவிணைவைப் பூமியில் நிகழ்த்த லேசர் ஒளி எவ்வாறு உதவுகின்றது என்பது பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்தீர்கள். நாம் பௌதிகம் பயிலும் மாணவரே. ஆதலாற் குறையிருப்பின் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

பாடசாலையிற் படித்த நாளில், கைவில்லையால் வெயிலைக் குவித்துக் கடதாசியை எரித்து மகிழ்ந்தோம். எரிந்த கடதாசியைப் பார்த்தோமேயன்றி, அவ்வொளியைத் தாங்கிநின்ற வில்லையை எண்ணினோமல்லோம். இன்று நாம் பேசவந்தது அந்த வில்லையைப் பற்றியே.

ஐதரசனின் பாரமான இரு வகைகளாகிய தூத்தேரியமும் திரித்தியமும் இணைந்து ஈலியமாகும்போது பெருஞ்சக்தி வெளிப்படுகின்றது. ஆனால் அவற்றின் கருக்கள் ஒன்றையொன்று தள்ளுவன. அத்தள்ளுகையை வெல்லக் கோடிக்கணக்கான பாகை வெப்பமும் மிகுந்த அமுக்கமும் வேண்டும். 1960ஆம் ஆண்டில் தியடோர் மைமன் முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். 1972ஆம் ஆண்டில் ஜோன் நக்கோல்ஸ் என்பவரும் அவருடன் உழைத்தோரும், லேசரினால் எரிபொருளை எப்புறமும் நெருக்கி இவ்விணைவை நிகழ்த்தலாமென எழுதினர்.

இக்கருத்தைச் சோதிக்கும் தேசிய எரியூட்டல் நிலையம், அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலுள்ள லோறன்ஸ் லிவமோர் ஆய்வுகூடத்தில் 2009இல் கட்டி முடிக்கப்பட்டது. அங்கே மிகச் சிறிய ஒளித்துடிப்பொன்று 192 கதிர்களாகப் பிரிந்து, நியோடைமியம் கலந்த கண்ணாடிப் பலகைகளூடாகச் சென்று வலுப்பெறுகின்றது. செந்நிறக்கீழ்க் கதிராக வரும் அவ்வொளியை, முடிவிலுள்ள பளிங்குகள் ஊதாக்கடந்த கதிராக மாற்றுகின்றன. அக்கதிர்கள் ஒரு சிறு உலோகக் குழாயினுட் புகுந்து எக்ஸ் கதிரை எழுப்ப, அது நடுவிலுள்ள, பெரிய கடுகு மணியளவான வைரக் கூட்டைத் தாக்குகின்றது. கூட்டின் வெளிப்புறம் சிதற, உள்ளிருக்கும் எரிபொருள் நசுங்கி இணைகின்றது.

2022 டிசம்பர் 5ஆந் திகதி, 2.05 மெகாயூல் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாயூல் சக்தியைப் பெற்றனர். செலுத்திய ஒளியிலும் மிகுதியான சக்தி கிடைத்தது அதுவே முதன்முறை.

இவ்வெற்றிக்குத் தடையாயிருந்தவை பல. அவற்றுள் ஒன்று கண்ணாடி. வில்லையில் ஒரு நுண்ணிய கீறலோ மாசோ இருந்தால், அவ்விடம் ஊதாக்கடந்த ஒளியை உறிஞ்சிச் சூடேறி வெடித்து வடுவாகின்றது. அடுத்த துடிப்பில் அவ்வடு பெருக்கின்றது. ஆகவே ஒளியைக் கூட்ட விரும்பியவர்கள் முதலிற் கண்ணாடியைப் பேணக் கற்க வேண்டியவராயினர். அமிலத்தாற் கழுவி நுண்கீறல்களை நீக்கினர். வடு விழுந்த இடத்தை வேறொரு சிறு லேசரால் உருக்கி, வழுவழுப்பான குழியாக்கினர். பழுதுபார்க்கும் வரை, அவ்விடத்தில் மட்டும் ஒளி படாதவாறு கதிரில் ஒரு சிறு நிழலை விழச் செய்தனர். கழற்றிப் பழுதுபார்த்து மீண்டும் பூட்டும் இவ்வேலை இடையறாது நடக்கின்றது. 1.8 மெகாயூலுக்கென அமைத்த கருவி 2.2 மெகாயூல் வரை உயர்ந்தமைக்கு இவ்வேலை பெருந்துணை. 2025 ஏப்பிரலில் 2.08 மெகாயூல் ஒளிக்கு 8.6 மெகாயூல் கிடைத்தது.

இங்கே எமது தவறொன்றையும் சொல்லல் வேண்டும். 2022இல் அச்செய்தியைக் கேட்ட அன்று, இனி மின்சாரக் கட்டணமே இராதென வீட்டிற் பெரும்பேச்சுப் பேசினோம். அவ்வொளியை உண்டாக்க ஏறத்தாழ 300 மெகாயூல் மின்சக்தி செலவானதைப் பின்னரே படித்தோம், வெட்கினோம். கிடைத்த 3.15 மெகாயூல், பத்து லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது; அவ்வளவே. அந்நிலையம் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டதுமன்று. சோதனை வெடிப்பின்றி அணுவாயுதங்களைப் பேணும் திட்டமே அதன் முதல் நோக்கம். இதையும் மறைத்தல் தகாது.

மின்நிலையமொன்றுக்குச் செக்கனுக்குப் பத்துத் துடிப்புகளளவில் வேண்டும். லிவமோர்க் கருவியோ ஒருமுறை இயங்கினால், கண்ணாடி ஆறப் பல மணிநேரம் செல்லும். அதற்கு ஒளியூட்டும் விளக்குகள் எல்லா நிறங்களையும் வீசுகின்றன. கண்ணாடி கொள்வது சிறு பங்கே, மிகுதி வெப்பமாகின்றது. கண்ணாடி கொள்ளும் நிறத்தை மட்டும் வீசும் லேசர் இருவாயிகளை அவ்விடத்தில் அமைத்தால் வீண்செலவு பெரிதுங் குறையும். பிரித்தானியாவில் இம்முறையில் அமைத்த டைப்போல் என்னும் லேசர், செக் நாட்டிலே 2016 டிசம்பரில், 100 யூல் துடிப்பைச் செக்கனுக்குப் பத்துமுறை தந்தது. குளிர்ந்த ஈலியம் வாயு அதன் பலகைகளிடையே பாய்ந்து வெப்பத்தை அகற்றுகின்றது. ஆயினும் 100 யூல் எங்கே, இருபது இலட்சம் யூல் எங்கே? இவ்விடைவெளியை நிரப்புவதே இனியுள்ள வேலை.

தோழர்களே! எரிந்த கடதாசியைப் பார்த்துக் கைதட்டுவது எளிது. வில்லையின் வடுவைத் தேடி, அதை ஆற்றும் வேலைக்குப் புகழ் குறைவு, பொறுமை அதிகம். அவ்வேலைக்குப் போகும் இளைஞர் எம்மிடையிலிருந்தும் எழவேண்டும். கிடைத்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லும் பழக்கத்தையாவது நாம் இன்றே தொடங்கலாம்.