நோயாளியின் அருகிருப்பவர் யார்?

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருவள்ளுவனார் மருந்தென்னும் 95-ஆம் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தருளினார். நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகிருந்து அம்மருந்தைத் தவறாமற் கொடுப்போன் என்பன அவை. முதன் மூன்றும் நமது ஸ்ரீபெரும்பூதூர், ஒரகடம் பக்கங்களில் ஓரளவு அமைந்துள்ளன. நான்காவதைப் பற்றியே யான் இன்று பேசத் துணிந்தேன்.

உடையவர் அவதரித்த இத்தலத்திற்கு முன்னாளில் வந்தோர் சேவார்த்திகள். இந்நாளில் வருவோர் தொழிலாளர். இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் காரும், சுங்குவார்சத்திரத்தில் கைத்தொலைபேசியும், ஒரகடத்தில் லாரியும் அவர்கள் கையாலேயே உருவாகின்றன. நம்மவருள் நிலம் விற்றோர் பலர். எஞ்சிய மனையில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டோரும் பலர். வாடகை வாங்குதல் பாவமன்று. ஆயின் ஓரறையில் எண்மர் படுத்துறங்குவதையும், விடியற்காலையில் ஒரே கக்கூசின் முன் வரிசை நிற்பதையும் நாம் அறியாதாரல்லேம். குடிசைப்பகுதி என்றவுடன் ஓலைக்கூரையே நம் நினைவிற்கு வருகின்றது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் குடிசைப்பகுதிச் சட்டமோ, நெருக்கத்தாலும் அசுத்தத்தாலும் உடல்நலத்திற்குக் கேடு விளைக்கும் இடத்தையும் அப்பெயரால் அழைக்க இடந்தருகின்றது. மேலே கான்கிரீட்டுத் தளம் இருப்பதொன்றே நம்மைக் காக்குமென்று எண்ணற்க.

என் வகுப்பில் பீகார் தேசத்துச் சிறுவனொருவன் பயின்றான். வயது பதினொன்று. ழகரத்தை நம் பிள்ளைகளினும் திருத்தமாக உச்சரிப்பான் என்பதைச் சற்று வெட்கத்துடனேயே கூறுகின்றேன். அவன் திடீரென வராதொழிந்தான். யான் நாள்தோறும் பதிவேட்டில் வரவில்லையென்று குறித்து வந்தேனேயன்றி, காரணம் வினவிற்றிலேன். மூன்று வாரங்கழித்துச் சென்று பார்த்தபொழுது, தந்தை காசநோயாற் படுத்திருந்தார். தாய் ஓர் ஆலையின் சிற்றுண்டிச்சாலையிற் பாத்திரம் துலக்கச் சென்றிருந்தாள். ஒருநாள் நின்றால் அன்றைய கூலி இல்லை. தந்தைக்குக் கஞ்சியும் மாத்திரையும் கொடுத்துக்கொண்டிருந்தவன் அச்சிறுவனே. வள்ளுவர் கூறிய நான்காவது கூறு அங்கே பதினொரு வயதுப் பாலகனாக இருந்தது!

மருந்திற்குக் குறைவில்லை. காசநோய்க்குச் சர்க்கார் வைத்தியசாலையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு திங்கள் மருந்துண்ண வேண்டும். ஊட்டவுணவிற்கென 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் மத்திய சர்க்கார் அளிக்கின்றது. ஆயினும் இரண்டாம் மாதத்தில் வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்லிவிட்டார். அவர் நம்மவர், பெயர் வேண்டா. அதே வாரத்தில் அவர் இல்லத்து விசேஷத்தில் யானும் இலைபோட்டு உண்டேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அக்குடும்பம் எங்கே சென்றதென்று தெரியாது.

முறையாக மருந்துண்ணத் தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து நோய் பிறர்க்குத் தொற்றுவது மிகக் குறைந்துவிடுகிறது. இடையில் நிறுத்தினாலோ மருந்திற்கு அடங்காத நோயாக முற்றித் திரும்பக்கூடும். எனவே, அஞ்சி வெளியேற்றுவோர் அவ்வச்சத்தையே பெருக்குகின்றனர்.

இனி, காப்பீடு. இ.எஸ்.ஐ. என்பதற்காக 2019 ஜூலை முதல் தொழிலாளி கூலியில் நூற்றுக்கு 75 காசும், முதலாளி 3 ரூபாய் 25 காசும் செலுத்த வேண்டுமென்று ஏற்பட்டது. மாதம் 15,000 ரூபாய் பெறுவோனிடம் 112 ரூபாய் 50 காசு பிடிக்கப்படும். அச்சிறுவனின் தந்தைக்கும் பிடித்தனர்; ஆனால் அவரது காப்பீட்டு எண்ணை ஒப்பந்தக்காரர் அவருக்குக் கொடுக்கவேயில்லை. முதலமைச்சர் காப்பீடும், பிற மாநிலத்தார் கொண்டுவரும் ஆயுஷ்மான் அட்டையும் பெரும்பாலும் வைத்தியசாலையிற் படுத்தாற்றான் உதவும், காய்ச்சலுக்கு உதவா. காலையிற் சீட்டு வாங்கி நின்றால் முதல் ஷிப்டு போயிற்று. ஆகவே ஏழை மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுகின்றான்.

2021 டிசம்பரில் பூந்தமல்லிக்கு அருகேயொரு விடுதியில் கெட்ட உணவால் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் 159 பேர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். தோழியர் எங்கே கிடக்கின்றனர், உயிருடன் உளரா என்று சொல்வாரில்லாமையே மற்றைப் பெண்கள் சென்னை–பெங்களூர்ச் சாலையை மறித்ததற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஆலை 2022 ஜனவரி 12 வரை மூடிக் கிடந்தது. அதன்பின் 2024 ஆகஸ்டு 17-இல் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளுடன் பெண்களுக்கான குடியிருப்புத் திறக்கப்பட்டது, மகிழ்ச்சியே. ஆடவர்க்கும் குடும்பத்தார்க்கும் இன்றும் பெரும்பாலும் நம் லைன் வீடுகளே கதி.

ஆதலின் சபையோரை வேண்டுவன சில. மருந்துண்ணும் காலத்தில் எவரையும் வீட்டிலிருந்து விலக்குவதில்லையென்று வீடுடைய அங்கத்தினர் ஒவ்வொருவரும் கையொப்பமிடுதல் வேண்டும். இ.எஸ்.ஐ. எண்ணையும் உற்றார் தொலைபேசி எண்ணையும் குடிவரும் நாளிலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளலாம். நம் கல்யாண மண்டபத்தின் பின்கட்டிலுள்ள இரண்டறைகள் முகூர்த்த நாளன்றி வெறுமனே கிடக்கின்றன. ஆளில்லாத தொழிலாளி காய்ச்சலிற் கிடந்தால் அங்கே கொணர்ந்து கிடத்தி, நம் இளைஞர் முறைவைத்துக் கஞ்சி கொடுக்கலாம். வேற்றுச்சாதியார் தங்கினால் அறை தீட்டுப்படுமென்று சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் கூறினார். அவ்வறைகளுக்குச் சுண்ணாம்படித்துக் கொடுத்தவர் அஸ்ஸாம் தேசத்தார் என்பதை அவர்க்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கின்றேன்.

சாவி காரியதரிசி அவர்களிடம் இருக்கின்றது. இதனைத் தீர்மானமாகவே சபைமுன் வைக்கின்றேன்; வழிமொழிவார் எழுக.