கடன் அறிக்கையில் பிழையா? திருத்தலாம்!



பயிர்க்கடன் கேட்டு பாங்கிக்குப் போகிறீர்கள். "உங்க பேர்ல பழைய பாக்கி இருக்கே" என்கிறார்கள். நீங்களோ கட்டி முடித்து ரசீதும் வைத்திருக்கிறீர்கள். என்ன செய்வது?

பாங்கிகள் நம் கடன் விவரத்தை சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கம்பெனிகளுக்கு அனுப்புகின்றன. அங்கே தவறு நேர்வதுண்டு. பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருப்பவர்கள் நம்மில் பலர். மண்ணூர்பேட்டையில் யாரோ வாங்கின மோட்டார் சைக்கிள் கடன், பூந்தமல்லிப் பக்கத்து விவசாயி தலையில் ஏறிவிடலாம். கட்டி முடித்த கடனைப் பாக்கி என்றே விட்டிருக்கலாம்.

முதலில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தரவேண்டும். கம்ப்யூட்டர் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, பான் எண், கணக்கு எண், பாக்கித் தொகை எல்லாம் வரி வரியாகச் சரிபாருங்கள். தவறு இருந்தால் அந்தக் கம்பெனிக்கும் பாங்கிக்கும் புகார் கொடுங்கள். ரசீது, பாக்கியில்லாச் சான்று இவற்றின் நகலை மட்டும் இணையுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

30 நாளில் தீர்க்கவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. இது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் பாங்கி விதி. அப்படியும் தீரவில்லையா? ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள்; கட்டணம் கிடையாது.

உண்மையான பாக்கியை மட்டும் யாராலும் அழிக்க முடியாது. "பணம் கொடு, அழிச்சுத் தர்றேன்" என்கிற தரகரை நம்பாதீர்கள்.

சம்பா நாற்று விடும்போது ஓடினால் நாள் போதாது. வைகாசியிலேயே பார்த்துவிடுங்கள்.