தாழை மரத்தடியில்



மே 10-ம் நாள் புனித தமியானை நினைவுகூர்கிறோம். தொழுநோயாளருக்குப் பணி செய்து, தாமும் அந்நோய் கண்டு 1889-ல் இறந்தவர் என்று அவருடைய முடிவை நாம் அறிவோம். இன்று அவருடைய தொடக்கத்தைச் சற்று நின்று பார்ப்போம்.

பெல்ஜியத்தில் பிறந்தவர். ஹவாய்க்குப் போகவேண்டியவர் உண்மையில் அவருடைய அண்ணன். அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட, தம்பி அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பல மாதக் கடற்பயணத்துக்குப்பின், 1864 மார்ச் 19, புனித யோசேப்பு திருநாளன்று ஹொனலுலுவில் இறங்கினார். மே 21-ல் குருவானார். வயது 24. பெரிய தீவில் ஒன்பது ஆண்டுகள் பணி; மக்களின் மொழியும் கைவந்தது.

1873 மே 10-ல் மொலக்காய் தீவுக்கு வந்தார். ஒரு பக்கம் செங்குத்தான மலை, மற்றப் பக்கங்களில் கடல். அரசு 1865-ல் இயற்றிய சட்டத்தின்படி, தொழுநோய் கண்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து அங்கே கொண்டுவந்து விட்டார்கள். குருக்கள் நால்வர் முறைவைத்து மாறி மாறிப் போவது என்பதுதான் ஆயரோடு பேசிய ஏற்பாடு. அங்கே சிற்றாலயம் ஒன்று இருந்தது. குருவுக்கு வீடு இல்லை. நம் கடலோரத் தாழைக்கு உறவான ஒரு மரத்தடியில் தமியான் படுத்துறங்கினார்.

புனிதர் என்றால் அருவருப்பே தோன்றாது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவருக்குத் தோன்றியது. புண்களின் நாற்றம் தாங்காமல் வெளிக்காற்றுக்கு ஓடவேண்டியிருந்தது. நாற்றத்தை மறைக்கப் புகைக்குழல் பிடிக்கத் தொடங்கினார். (நம் பங்கில் யாரும் இதைச் சாக்காகச் சொல்லவேண்டாம்!) ஆனாலும் புண்களைக் கழுவிக் கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார், சேம்பங்கிழங்கை இடித்துச் செய்த கூழை அவர்களோடு ஒரே கலத்தில் கைவிட்டு உண்டார். விரைவிலேயே, 'என்னை இங்கேயே விட்டுவிடுங்கள்' என்று மேலாளருக்கு எழுதிவிட்டார்.

அந்த ஆண்டின் இறுதியில் அண்ணனுக்கு எழுதிய மடலில், மறையுரையில் 'சகோதரரே' என்று தாம் அழைப்பதில்லை, 'தொழுநோயாளராகிய நாம்' என்றே சொல்வதாகக் குறிப்பிட்டார். அப்போது அவர் உடலில் நோயின் சுவடுகூட இல்லை.

தமிழில் 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார்; 'நாம்' என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். ஹவாய் மொழியிலும் இந்த வேறுபாடு உண்டு. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ இல்லை. ஆனால், திடமான உடம்போடு நிற்பவர் 'நாம்' என்று சொன்னால் நோயாளி எளிதில் நம்புவாரா? 'படகு வந்ததும் இவரும் போய்விடுவார்' என்றுதானே நினைப்பார்? நம் மருத்துவமனைச் சந்திப்புகள் பலவும் அப்படித்தானே நடக்கின்றன: பழம் கொடுத்து, செபம் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு!

அவர் சொன்ன 'நாம்' பொய்யாகாமல் இருக்கக் கொடுத்த விலை பெரிது. குடியிருப்பைவிட்டு வெளியேறக்கூடாது என்று அதிகாரிகள் அவருக்கும் தடை விதித்தார்கள். மேலாளர் ஒருமுறை கப்பலில் வந்தபோது, தமியானைக் கப்பலில் ஏற விடவில்லை. கீழே படகில் நின்றபடி, மேல்தளத்தில் நின்ற குருவிடம், மற்றவர் காதுபட உரத்த குரலில் பாவசங்கீர்த்தனம் செய்தார். நேயர்களே, திரைக்குப் பின்னால் முழந்தாளிட்டு மெல்லச் சொல்வதற்கே நாம் எத்தனை வாரம் தள்ளிப்போடுகிறோம்!

கலிலேயாவில் தொழுநோயாளர் ஒருவர் இயேசுவின் முன் மண்டியிட்டபோது, ஒரு சொல்லாலேயே அவரைக் குணமாக்கியிருக்கலாம். ஆண்டவர் முதலில் கைநீட்டித் தொட்டார்.

வந்து ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் தமியானுக்கும் நோய் உறுதியானது. மறையுரையின் முதல் வரியை அவர் மாற்றவேண்டியிருக்கவில்லை.

நம் பங்குகளிலிருந்து அயல்நாட்டு மறைப்பணிக்குச் சென்று, மொழி பிடிபடாமல், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் முதல் வாரங்களைக் கழித்துக்கொண்டிருக்கும் இளம் குருக்களையும் அருள்சகோதரிகளையும் இன்றைய குடும்ப செபத்தில் பெயர் சொல்லி ஒப்புக்கொடுப்போம்.